பட்டா யார் பேரில்?

"ஃபேஸ்புக் பக்கம் போதாதா, தனியா வெப்சைட் எதுக்கு?" திருவந்திபுரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசியபோது இந்தக் கேள்வி மறுபடியும் வந்தது. போதாது தோழர்களே.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டது 2003 ஜூலையில். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளைத் தள்ளியது 2025 ஏப்ரலில். 2003இல் இலவசத் தளம் என்றால் ஜியோசிட்டீஸ். அந்த வழக்கின் ஆவணங்களை ஒருவர் அதில் ஏற்றியிருந்தால், தீர்ப்புக்கு 12 ஆண்டுகள் முன்பே, 2009இல், யாஹூ அதை இழுத்து மூடியபோது எல்லாம் போயிருக்கும். கூகுள் பிளஸ் 2019இல் போனது. நம் வழக்குகளின் ஆயுள் இந்தக் கம்பெனிகளின் ஆயுளைவிட நீளம்.

சொந்தத் தளம் வைத்தும் நாம் ஏமாந்திருக்கிறோம். நாங்கள் நடத்திய மாலைப்பள்ளிக்கு ஒரு கடையில் தளம் செய்து வாங்கினோம். டொமைனைக் கடைக்காரர் தன் பேரிலேயே பதிந்திருந்தார். அவர் புதுப்பிக்கவில்லை, நம்மால் புதுப்பிக்கவும் முடியவில்லை. இன்று அந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடுகிறது. பஞ்சமி நிலத்துக்காகப் போராடுகிற நமக்கு, பட்டா யார் பேரில் என்று கேட்கத் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

டொமைன்தான் பட்டா, ஆண்டுதோறும் வரி கட்டினால்தான் நிலைக்கும். ஹோஸ்டிங் வாடகை வீடு. இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் பட்டாவோடு வெளியேற வேண்டும். அமைப்பின் மின்னஞ்சலில் பதியுங்கள், கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். "அன்லிமிடெட்" என்பதற்கும் நிபந்தனைப் பக்கத்தில் ஒரு லிமிட் இருக்கும். எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிப் பணம் கேட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது என்று சொல்லுங்கள். கட்டுரையும் படமும்தான் என்றால் கிட்ஹப் பேஜஸில் 1 ஜிபி வரை காசில்லாமலே வைக்கலாம். அதுவும் வாடகை வீடுதான், ஆனால் நம் டொமைனை அதில் இணைக்கலாம்.

சொந்தத் தளத்தை முடக்க மாட்டார்களா? முடக்குவார்கள். 2025 பிப்ரவரியில் விகடன் தளத்தையே முடக்கினார்கள். ஆனால் கட்டுரைகள் அவர்கள் கையில் இருந்தன. உயர் நீதிமன்றம் போய், அந்தக் கார்ட்டூனை எடுத்துவிட்டு, மார்ச்சில் திறக்க வைத்தார்கள்.

ஃபேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. துண்டறிக்கையை அங்கே கொடுப்போம், பதிவேடு நம்மிடம் இருக்கட்டும். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைக் காத்து வைத்திருந்ததால்தான். மாதம் ஒருமுறை தளத்தை முழுசாக இறக்கி, இரண்டு வீடுகளில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். முக்கியமான பக்கங்களை வேபேக் மெஷினில் சேமியுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர், முகவரி, படம் இருந்தால் மட்டும் முதலில் அவரிடம் கேளுங்கள்; அங்கே போனதைத் திரும்ப எடுப்பது சுலபமில்லை.

இன்றைக்கே உங்கள் அமைப்பின் டொமைன் கணக்கைத் திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜெய்பீம்.