இரண்டு பெயர்களும் வேண்டும்

திருச்செந்தூர் என்றதும் செந்திலாண்டவன் கோயிலும் அலைகடலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஊரைக் கடந்து சற்று உள்ளே சென்றால், செம்மணல் மேடுகள் விரிந்து கிடக்கும் தேரியைக் காணலாம். பனையும் உடையும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர் பலர். தாவரவியல் மாணவனாகிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு நண்பர்கள் மூவருடன் குதிரைமொழித் தேரிப் பக்கம் செடி சேகரிக்கச் சென்றேன். வழியோரத்தில் முள் நிறைந்த இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு செடி நின்றது. ‘ஆர்ஜிமோன் மெக்சிகானா’ என்று ஒருவன் உரக்கச் சொன்னான். தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். நால்வரும் விழித்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் அருகில் வந்து, “இது பிரமதண்டுல்லா? இதுகூடத் தெரியாமத்தான் காலேசுல படிக்கியளா?” என்று சிரித்தார். இது மெக்சிகோ நாட்டுச் செடி என்று நான் என் அறிவைக் காட்டினேன். “எங்க பாட்டி காலத்துலயே இங்கதான் கெடக்கு” என்றார் அவர்.

யார் சொன்னது உண்மை? இருவர் சொன்னதும் உண்மையே. அன்று முதல் என் உள்ளத்தில் வளர்ந்த கருத்தையே இங்கு எழுதுகிறேன்.

நம்மைச் சுற்றி வட அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள் எத்தனை! வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழை ‘அகேவ் அமெரிக்கானா’. பெயரிலேயே பிறந்த கண்டம் தெரிகிறது. சிறுவர் கல்லெறிந்து உதிர்க்கும் கொடுக்காய்ப்புளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததே. அதன் பேரினப் பெயராகிய ‘பித்தசெல்லோபியம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் குரங்கின் காதணி என்று பொருள். வளைந்த அந்தக் காயைக் கண்டவர்கள் பெயரிட்டவரின் குறும்பை இரசிப்பார்கள். குளங்களையும் தரிசுகளையும் கவர்ந்துகொண்ட ‘புரோசோப்பிஸ் ஜூலிஃபுளோரா’வும் அக்கண்டத்திலிருந்து வந்ததுதான். இதற்கு மட்டும் நம் மக்கள் ‘சீமைக்கருவேலம்’ என்று பெயரிட்டு, வந்தேறி என்பதைப் பெயரிலேயே பதித்துவிட்டார்கள்!

‘பாமரர் வழங்கும் பெயர் போதாதா? இலத்தீன் எதற்கு?’ என்று சிலர் கேட்கின்றனர். பிரமதண்டையே குடியோட்டிப் பூண்டு என்பாரும் உளர். ஓர் ஊர்ப் பெயர் அடுத்த ஊருக்குப் புரியாமற் போகலாம். 1753இல் லின்னேயஸ் நிலைநிறுத்திய இருசொற்பெயர் முறை, மெக்சிகோவில் இருப்பவரும் திருச்செந்தூரில் இருப்பவரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற உறுதியைத் தருகிறது. அது வேண்டாம் என்பது அறியாமை.

ஆனால் இலத்தீன் மட்டும் போதும் என்பது அதைவிடப் பெரிய அறியாமை. அப்பெயரும் தவறலாம், மாறலாம். ஆப்பிரிக்காவில் தோன்றிய புளியமரம் ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்று இந்தியாவின் பெயரைச் சுமக்கிறது. நம் தேரியின் குடைபோன்ற உடைமரத்தைப் பாருங்கள். ‘அக்கேசியா பிளானிஃபிரான்ஸ்’ என்றுதான் நம் ஆசிரியர்கள் படித்தார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, ‘அக்கேசியா’ என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே உரியதாக்கியது. நம் உடை இன்று ‘வாச்செல்லியா பிளானிஃபிரான்ஸ்’. மக்காவ் நகரில் பாதிரியாராக இருந்த வாச்செல் என்பவர் நினைவாக ஏற்பட்டது அப்பேரினப் பெயர். மாநாட்டில் பெயர் மாறிய செய்தி மரத்துக்கும் தெரியாது, ஆச்சிக்கும் தெரியாது. அவருக்கு அது என்றும் உடைதான்.

பெயர் அறிவது வெறும் தேர்வு மதிப்பெண்ணுக்கு அன்று. பிரமதண்டின் விதை கடுகைப் போலவே இருக்கும். கடுகெண்ணெயில் அதன் எண்ணெய் கலந்ததால் 1998இல் தில்லியில் பலர் உடல் வீங்கி உயிரிழந்தனர். மெக்சிகானா என்று எழுதி முழு மதிப்பெண் பெற்ற நான், கிராமத்துத் தாய் ஒருத்தியிடம் எந்தச் செடியைக் காட்டி எச்சரிப்பேன், அவள் அறிந்த பெயர் எனக்குத் தெரியாவிட்டால்?

தமிழ்ப் பெயர் அறிவியலுக்கு ஒவ்வாது என எண்ண வேண்டா. முருங்கையிலிருந்தே ‘மொரிங்கா’ பிறந்தது. ஆத்தூர்க் கொடிக்கால்களில் தழைக்கும் வெற்றிலையின் பெயர் ‘பைப்பர் பீட்டில்’. ‘பீட்டில்’ என்பது மலையாளத்து ‘வெற்றில’யின் வழி வந்த சொல். தென்னாட்டு மக்களின் நாவிலிருந்து இலத்தீன் கடன் வாங்கியிருக்கிறது. நாமோ அந்த நாவுக்குச் செவி கொடுக்க மறுக்கிறோம்!

உலர்த்திய செடியை ஒட்டும் தாளில் ‘வட்டாரப் பெயர்’ என்று ஒரு வரி உண்டு. நான் ஒப்படைத்த தாள்களில் பாதிக்கு மேல் அந்த வரி வெறுமையாகவே இருந்தது. எவரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. குறைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே! இலத்தீன் பெயரை நூலகத்தில் எந்நாளும் தேடிக்கொள்ளலாம். பனையேறிகளும் ஆடு மேய்க்கும் ஆச்சிகளும் அறிந்த பெயர்களை அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அடுத்த முறை தேரிக்குச் செல்லும்போது, செடியைப் பறிக்குமுன் அங்குள்ளவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். அந்த வெற்று வரியை நிரப்புங்கள்.