கதவு திறந்தால்தான் மணி அடிக்கும்! செல்போன் கம்பெனிகளின் சண்டை

மதுரையில் இருக்கும் தாயார், சென்னையில் இருக்கும் மகனுக்கு டெலிபோன் செய்கிறார். தாயார் வைத்திருப்பது ஒரு கம்பெனியின் இணைப்பு. மகன் வைத்திருப்பது வேறு கம்பெனியின் இணைப்பு. இரண்டும் போட்டிக் கம்பெனிகள். ஒன்றின் வாடிக்கைக்காரரை மற்றொன்று இழுக்கப் பார்க்கும். ஆனாலும் மணி அடிக்கிறது. தாயும் மகனும் பேசுகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது?

ஒரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்சையும் மற்றொரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்சையும் சில இடங்களில் கம்பி போட்டு இணைத்து வைத்திருக்கிறார்கள். இந்த இணைப்புதான் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கும் கதவு. தாயாரின் குரல் இந்தக் கதவைத் தாண்டித்தான் மகனிடம் போக வேண்டும். பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்த முறைப்படி, இப்படிப்பட்ட ஒரு இணைப்பில் ஒரே சமயத்தில் 30 பேச்சுகள் போகலாம். 31-வது பேச்சுக்கு இடம் கிடையாது.

ஆகவே, எத்தனை கதவுகள் திறக்கப்படுகின்றன என்பது பெரிய விஷயம். இதை வைத்துத்தான் 2016-ம் ஆண்டில் இந்தியாவில் பெரும் தகராறு மூண்டது.

இலவசப் பேச்சு

2016 செப்டம்பர் 5-ந் தேதி ரிலையன்ஸ் ஜியோ கம்பெனி வியாபாரத்தைத் தொடங்கியது. பேச்சு இலவசம். ஆரம்ப மாதங்களில் இன்டர்நெட்டும் இலவசம். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஆனால், ஜியோவில் இருந்து ஏர்டெல், வோடபோன், ஐடியா இணைப்புகளுக்குப் பேச முயன்றவர்களில் ஏராளமானவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. கேட்ட அளவுக்குக் கதவு திறக்க மறுக்கிறார்கள் என்று ஜியோ புகார் செய்தது.

பழைய கம்பெனிகள் சொன்னதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. பிற கம்பெனியில் இருந்து வரும் பேச்சை வாங்கித் தன் வாடிக்கைக்காரரிடம் சேர்க்க, அப்போது நிமிஷத்துக்கு 14 பைசா கூலி உண்டு. அந்தக் கூலி செலவுக்கே கட்டாது என்றும், இலவசம் என்று சொல்லி வெள்ளம்போல் அழைப்புகளை அனுப்பினால் தாங்க முடியாது என்றும் அவை சொல்லின.

நியாயம் எப்படி இருந்தாலும், அடி யாருக்கு விழுந்தது என்று பார்க்க வேண்டும். புதிய கம்பெனியில் ஆட்கள் குறைவு. அவர்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் வெளிக் கம்பெனிக்காரர்களிடம்தான். கதவு அடைபட்டால் அவர்களுடைய டெலிபோன் வெறும் பொம்மை. பழைய கம்பெனியில் கோடிக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பெரிய சிரமம் தெரியாது. மகனிடம் இருந்து அழைப்பு வரவில்லையே என்று தாயார் காத்திருப்பார். நடுவில் கதவு அடைபட்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

3,050 கோடி ரூபாய் அபராதம்

இத்துறையைக் கண்காணிக்கும் டிராய் ஆணையத்தின் விதிப்படி, இந்தக் கதவில் 1,000 அழைப்புகளுக்கு 5-க்கு மேல் இடம் இல்லாமல் திரும்பக் கூடாது. வரம்பு பல மடங்கு மீறப்பட்டதாக ஆணையம் கண்டது. மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடலாம் என்று 2016 அக்டோபரில் மத்திய சர்க்காருக்குச் சிபாரிசு செய்தது. லைசென்சை ரத்து செய்தால் ஜனங்களுக்குத்தான் கஷ்டம் என்பதால் அபராதம் போதும் என்றது.

சர்க்காரின் நோட்டீஸ் போனது 2021-ல்! அதற்குள் வோடபோனும் ஐடியாவும் 2018-ல் ஒரே கம்பெனியாகி விட்டன. வாசலில் நின்று கதவைத் தட்டிய ஜியோவோ, நாட்டிலேயே அதிக வாடிக்கைக்காரர்கள் கொண்ட கம்பெனியாகி விட்டது.

மிஸ்டு கால் தகராறு

கூலி 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைந்தது. 2019-ல் இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஜியோ தன் அழைப்புகளில் மணி அடிக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்தது. எதிர்ப்பக்கம் இருப்பவர் போனை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். அவர் திருப்பிக் கூப்பிடுவார். அப்போது 6 பைசா ஜியோவுக்கு வரும்! இதற்காகவே செய்கிறார்கள் என்று போட்டிக் கம்பெனிகள் குற்றம் சாட்டின. வெளிநாடுகளில் உள்ள வழக்கம்தான் என்றது ஜியோ. கடைசியில் டிராய் தலையிட்டு, செல்போனுக்கு 30 விநாடி, வீட்டு டெலிபோனுக்கு 60 விநாடி என்று வரையறுத்தது. 2021 ஜனவரி 1 முதல் கூலியே இல்லாமல் போயிற்று.

கதவுச் சண்டை இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் பெல் கம்பெனி, சிறிய கம்பெனிகளுக்குத் தன் தொலைதூர லைனைக் கொடுக்காமல் இருந்தது. கடைக்காரர்கள் மேஜையில் இரண்டு டெலிபோன்கள் வைத்திருந்தார்கள். சர்க்காரின் நெருக்கடிக்குப் பிறகு 1913-ல்தான் பெல் இறங்கி வந்தது.

கதவு மட்டும் போதாது. இரண்டு பக்கத்து இயந்திரங்களுக்கும் ஒரே பாஷை தெரிய வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு தந்தி முறை வேறு. எல்லையில் தந்தியைக் காகிதத்தில் எழுதி, அடுத்த நாட்டு ஆபீசில் கொடுக்க வேண்டியிருந்தது. 1865 மே 17-ந் தேதி பாரிஸ் நகரில் 20 நாடுகள் கூடிப் பொது விதி செய்தன. அன்று பிறந்த சங்கம் இன்றும் ஜெனீவாவில் இயங்குகிறது. இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94 என்ற டெலிபோன் எண்களும் அதன் ஏற்பாடுதான்.

இப்போது வாட்ஸ்அப்

இப்போது ஜனங்கள் பேசுவதிலும் எழுதுவதிலும் பெரும் பகுதி வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தி வேறு செயலிக்குப் போகாது. இங்கே கதவு இல்லை, சுவர்தான் இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு, 2024 மார்ச் 7 முதல் வாட்ஸ்அப், மெசஞ்சர் இரண்டும் பிற செயலிகள் கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. முதலில் ஒருவருக்கொருவர் எழுதும் செய்திகள்; கூட்டாக எழுதுவதற்கும் பேசுவதற்கும் கூடுதல் தவணை.

இந்தியாவில் டெலிபோனுக்கு இருக்கும் கட்டாயம் செயலிகளுக்கு இல்லை. குடும்பத்தில் ஒருவர் வேறு செயலிக்கு மாறினால், பெரியப்பா முதல் மருமகள் வரை அத்தனை பேரும் மாற வேண்டும். மாறாவிட்டால், குடும்பத்தார் அனுப்பும் கல்யாணப் பத்திரிகைகூட அவருக்கு வந்து சேராது.