பத்து நிமிடப் படம் திறந்த கதவு!

மாலை நேரத்தில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நாலைந்து இளைஞர்கள் நிற்பார்கள். ஒருவன் கையில் செல்பேசி. ஒருவன் அழுவான், ஒருவன் ஆறுதல் சொல்வான். சண்டையோ என்று பயப்பட வேண்டாம். அவர்கள் சினிமாப் படம் எடுக்கிறார்கள்!

“வேலையற்ற வேலை” என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். அது வேலையற்ற வேலைதானா?

முன்பெல்லாம் டைரக்டர் ஆக வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. சென்னைக்கு ரெயில் ஏற வேண்டும். ஒரு டைரக்டரிடம் உதவியாளராகச் சேர வேண்டும். அதற்கே பல ஆண்டு காத்திருக்க வேண்டும். காசும் ஆள் பழக்கமும் இல்லாதவன் வந்த ரெயிலிலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்றியது ஒரு போட்டி. கலைஞர் தொலைக்காட்சி நடத்திய “நாளைய இயக்குநர்” அது. இளைஞர்கள் சில நிமிடங்களே ஓடும் குறும்படங்களை எடுத்து வந்தார்கள். நடுவர்கள் அதைப் பார்த்து நல்லதைப் புகழ்ந்தார்கள். குறையையும் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வீட்டில் இருந்தபடியே தமிழ்நாடு முழுவதும் பார்த்தது.

பலன் என்ன? முதல் போட்டியில் பரிசு பெற்ற நலன் குமாரசாமி 2013-ல் “சூது கவ்வும்” எடுத்தார். என்ஜினீயரிங் படித்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் “பீட்சா” எடுத்தார். ராம்குமார் தமது குறும்படத்தையே பெரிதாக்கி, 2014-ல் “முண்டாசுப்பட்டி” என்ற முழுப்படம் ஆக்கினார். குறும்படங்களில் நடித்துப் பழகிய பாபி சிம்ஹா, “ஜிகர்தண்டா” படத்துக்காகத் தேசிய விருதே பெற்றார்.

காரணம் எளிது. புதியவனை நம்பிப் பல லட்சம் போடப் பட முதலாளி அஞ்சுவார். பத்து நிமிடப் படத்தைக் காட்டினால், “இவனுக்குக் கதை சொல்லத் தெரியும்” என்று அவருக்குத் தைரியம் பிறக்கும். மேலே சொன்ன மூன்று படங்களிலும் முதல் போட்டவர் சி.வி.குமார் என்ற தயாரிப்பாளரே!

இது நம் நாட்டு அதிசயம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பனி மூடிய மலைச்சரிவில் பலகை கட்டிச் சறுக்கும் விளையாட்டு உண்டு. டாம் வாலிஷ் என்ற இளைஞர், தாம் சறுக்குவதைப் படம் பிடித்து ஒரு போட்டிக்கு அனுப்பினார். 2007-ல் வென்றார். பிறகு அந்த விளையாட்டே அவருக்குத் தொழிலாயிற்று. 2012-ல் எக்ஸ் கேம்ஸ் என்ற பெரும் பந்தயத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. போட்டியில் நின்ற எல்லோரும் டைரக்டர் ஆகிவிடவில்லை. வென்றவர்க்கும் பாதை மலர்ப் பாதை அல்ல. இதே போட்டியில் இருந்து வந்த நிதிலன் சாமிநாதன் 2017-ல் “குரங்கு பொம்மை” எடுத்தார்; நல்ல பெயர் கிடைத்தது. அடுத்த படமான “மகாராஜா” வந்ததோ 2024-ல்! இடையில் ஏழு ஆண்டுகள். கதவு திறந்தது என்றால், இலை போட்டுச் சோறும் பரிமாறி விட்டார்கள் என்று பொருள் அல்ல.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு சொல்: கையில் இருக்கும் படிப்பை விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கிப் படம் எடுக்காதீர்கள். “பணம் கட்டு, நடிக்க வாய்ப்புத் தருகிறேன்” என்பவனை நம்பாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: மகனோ மகளோ படம் எடுத்தால் ஏசாதீர்கள். ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். “எத்தனை ஆண்டு முயலப் போகிறாய்? அதற்குப் பின் என்ன செய்வாய்?” என்று அன்போடு கேளுங்கள். கேட்பதும் கடமை, பார்ப்பதும் கடமை.

கதைக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்கு “இதயக்கனி” படம் எடுக்க எம்.ஜி.ஆரே வந்தார். வெளியூரார் வந்து நம் காட்டையும் கழிமுகத்தையும் படம் பிடிக்கிறார்கள். 2004-ல் சுனாமியையும், 2011-ல் தானே புயலையும் தாங்கிய கடலூர் மீனவர் வீட்டுக் கதையை, அந்த வீட்டுப் பிள்ளையைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். அவர் தம் கதையையே “உன்னைப்போல் ஒருவன்” என்று படமாக்கி, மத்திய அரசின் விருது பெறவில்லையா?

கடலூர், சிதம்பரம் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு குறும்படப் போட்டி நடத்தட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். தொழில் அறிந்த நடுவர்கள் வரட்டும். தோற்றவனுக்கும் ஏன் தோற்றான் என்று சொல்லட்டும். பரிசு ஒருவனுக்குத்தான் கிடைக்கும். பாடம் எல்லோருக்கும் கிடைக்கும்.

சென்னைக்கு ரெயில் ஏறுமுன், தன் திறமையைச் சொந்த ஊரிலேயே உரசிப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும்!