சின்ன வண்டி ஜெயித்த கதை

குமாரலிங்கபுரம் பக்கத்து ரோட்டில் காலை நேரத்தில் பாருங்கள். ஒரு சின்ன வண்டி போகும். முன்னால் இரண்டு தண்ணீர்க் குடம். பின்னால் ஒரு மூட்டை மல்லி, அல்லது மிளகாய் வற்றல். பால்காரரும் அதில்தான் போகிறார். கருவாட்டு வியாபாரியும் அதில்தான் வருகிறார். அருப்புக்கோட்டை நெசவாளி சேலைக் கட்டைக் கொண்டு போவதும் அதில்தான்.

அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். இன்று எத்தனை புதுப் பெயர் வைத்தாலும், நம் ஊரில் அது "டி.வி.எஸ். 50"தான்.

பெரிய பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டி மோட்டார் வியாபாரத்தில் மோதுகின்றன. அந்த மோதலில் இந்தச் சின்ன வண்டி எப்படித் தப்பிப் பிழைத்தது? கரிசல் சீமைக் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய கதை இது.

மதுரையில் பிறந்த தொழில்

டி.வி.சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கினார். 1912-ல் பஸ் விட்டார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. உடனே கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியை அந்தக் கம்பெனி செய்து கொடுத்தது.

ஜனங்களுக்கு இன்றைக்கு எது வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வேண்டுமானால் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1972-ல் பூனாவில் இருந்து "லூனா" என்ற சின்ன வண்டி வந்தது. 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதில் என்ன விசேஷம்? இரண்டு பேர் உட்காரலாம்! புருஷனும் மனைவியும் சேர்ந்து சந்தைக்குப் போகலாம். மகளைப் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போகலாம்.

ஜப்பான் வந்தது

1984 முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. ஜப்பான் கம்பெனிகள் நம் நாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்தன. ஹீரோவோடு ஹோண்டா. எஸ்கார்ட்சோடு யமஹா. பஜாஜோடு கவாசாகி. டி.வி.எஸ்.ஸோடு சுசுகி. 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடின. பார்க்கவும் கம்பீரமாக இருந்தன.

"இனி சின்ன வண்டிக்கு வேலை இல்லை" என்று பலர் நினைத்தார்கள். மற்றக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன.

டி.வி.எஸ். மோட்டார் சைக்கிளும் செய்தது. சின்ன வண்டியையும் விடவில்லை. 2001-ல் சுசுகி பிரிந்து போயிற்று. அதே ஆண்டில் "விக்டர்" என்ற மோட்டார் சைக்கிளைத் தன் சொந்த முயற்சியிலேயே செய்து வெளியிட்டது. அப்போதும் சின்ன வண்டி தொடர்ந்தது.

காரணம் என்ன? பட்டணத்துப் பையனுக்கு வேகம் வேண்டும். நம் சம்சாரிக்கு வேகம் எதற்கு? மூட்டை ஏற்ற இடம் வேண்டும். கால் வைக்கும் இடத்தில் குடம் நிற்க வேண்டும். பின் சீட்டைக் கழற்றிச் சுமை கட்ட வேண்டும். கியர் இல்லாமல் ஓட வேண்டும். கெட்டுப் போனால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே சரி செய்ய வேண்டும். இவ்வளவும் அதில் இருந்தது.

காலத்துக்கு ஏற்ற மாற்றமும் வந்தது. பழைய வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். புகையும் அதிகம். 2015-ல் வந்த "எக்ஸ்.எல். 100" வண்டிக்கு ஆயில் கலக்க வேண்டியதில்லை. 2020-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானபோது, என்ஜினை அதற்கேற்ப மறுபடி மாற்றினார்கள்.

தோற்றவர் கதை

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் போர்டு கம்பெனி உலகப் புகழ் பெற்றது. சென்னை அருகே மறைமலை நகரில் பெரிய ஆலை கட்டியது. குஜராத்தில் சனந்தில் இரண்டாவது ஆலையும் கட்டியது. வண்டிகள் உறுதியானவை என்று பெயர் எடுத்தன. ஆனால், கட்டிய ஆலைகளுக்கு ஏற்ற விற்பனை இல்லை. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன.

பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி, 1998-ல் "சான்ட்ரோ" என்ற சின்னக் காரோடு வியாபாரத்தைத் தொடங்கியது. அது இன்றும் நிற்கிறது.

பணமும் பெயரும் மட்டும் போட்டியில் காப்பாற்றாது. வாங்குகிறவன் வீட்டு வாசலில் நின்று யோசிக்க வேண்டும்.

நமக்கு என்ன?

"சின்ன வண்டி கௌரவக் குறைச்சல்" என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரிய மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். பிள்ளைகளின் ஆசை தப்பு அல்ல. ஆனால், கடன் கணக்கைப் பாருங்கள்.

60,000 ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு 10 என்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு வட்டி 18,000. மொத்தம் 78,000 ரூபாயை 36 தவணையாகக் கட்ட வேண்டும். மாதம் சுமார் 2,167 ரூபாய். இது நியாயம் போலத் தோன்றும். ஆனால், மூன்றாவது ஆண்டில் முதலின் பெரும் பகுதியை நீங்கள் திருப்பிக் கொடுத்து விட்டீர்கள். அப்போதும் முழு 60,000-க்குமே வட்டி வாங்குகிறார்கள்! உண்மையான வட்டி நூற்றுக்கு ஏறக்குறைய 18 ஆகிறது. ஆகவே, "குறையும் முதலுக்கு வட்டியா, முழு முதலுக்கு வட்டியா?" என்று கேளுங்கள். கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மழை பொய்த்தாலும் தவணை நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகைப் பெட்ரோல் வண்டியில் இன்று ஒரே கம்பெனிதான் நிற்கிறது. வாங்குகிறவனுக்கு அது முழு நன்மை அல்ல. எதிரே கடை இல்லாவிட்டால் கடைக்காரர் வைத்ததுதான் விலை. 2025 செப்டம்பரில் இந்த வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இப்படிக் குறையும் வரி முழுவதும் நம் கைக்கு வருகிறதா என்று பில்லைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்த போட்டி

இனி வருவது மின்சார வண்டியின் காலம். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஆலைகள் வந்து விட்டன. 2024-ல் பழைய லூனாவே மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. நல்ல செய்தி! ஒரே கம்பெனி இருந்த இடத்தில் மறுபடி போட்டி வரும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி பளபளப்பாக இருந்தால் போதாது. இரண்டு மூட்டை ஏற்றிக் கொண்டு கரிசல் மண் பாதையில் போக வேண்டும். சித்திரை வெயிலைத் தாங்க வேண்டும். பழுது பார்க்க ஆள் திருச்சுழியிலேயே கிடைக்க வேண்டும். மதுரைக்கு ஓடும்படி வைக்கக் கூடாது. பேட்டரி மாற்ற என்ன செலவு என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் நிற்கும்போது கூச்சப்படாதீர்கள். இந்த நான்கையும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சின்ன வண்டியை வாழ வைத்தது விளம்பரம் அல்ல. நம் சம்சாரிகள் எண்ணிக் கொடுத்த பணம்தான். அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு. அதை யோசித்துக் கொடுங்கள்.