கடலடியில் ஒரு மூச்சின் விலை



விடுமுறைக்கு அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ செல்லும் இளைஞர்கள், முதுகில் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் இறங்கிப் பவளப் பாறைகளைக் கண்டு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை இந்த ஆசையை வெளியிடலாம். அப்போது உங்கள் மனத்தில் எழும் முதற்கேள்வி, "அந்தச் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதாகத்தான் இருக்கும். இக்கேள்விக்குக் கடிகாரத்தை மட்டும் பார்த்து விடை கூற இயலாது.

பலரும் எண்ணுவதுபோல் அதில் இருப்பது தனி ஆக்சிஜன் அன்று. பொதுவாக, நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைக்கிறார்கள். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால், ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடங்கும். நிதானமாக நீந்தும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 20 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நீரின் மேற்பரப்பில் அது 110 நிமிடம் வரும்.

ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும் என்பதை இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பிரான்சில் 1943ஆம் ஆண்டு ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றை வழங்குகிறது. ஆகவே ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சிலும் அடர்ந்த காற்று செலவாகிறது. 110 நிமிடம் வரக்கூடிய அதே காற்று, 10 மீட்டரில் 55 நிமிடமும், 20 மீட்டரில் 37 நிமிடமும், 30 மீட்டரில் 27 நிமிடமுமே வரும். மேலேறுவதற்கான இருப்பையும் இதிலிருந்தே ஒதுக்கியாக வேண்டும்.

ஒரே ஆழத்தில் இருவர் இறங்கினாலும் இருவரின் செலவும் ஒன்றாக இராது. பெரிய உடலுக்குக் காற்று அதிகம் வேண்டும். அவசரமும் காற்றை விழுங்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீந்தும் வேகத்தை இரட்டித்தால் நீரின் தடை நான்கு மடங்காகும். இவற்றோடு அச்சமும் சேர்ந்தால் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது. கரியமிலவாயு சரிவர வெளியேறாததால், இன்னும் காற்று வேண்டும் என்ற தவிப்பு மிகுகிறது. நிதானமான, ஆழ்ந்த மூச்சே இதற்கு மருந்து.

அதற்காக மூச்சை அடக்கிச் சேமிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் முன்னாளில் முத்துக்குளித்தோர் மேலே இழுத்த ஒரே மூச்சுடன் மூழ்கினர். அக்காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே விரிந்தது. சிலிண்டருடன் இறங்குபவரோ ஆழத்திலேயே அடர்ந்த காற்றை இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும்.

இங்கேதான் மற்றோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. அதுதான் வெட்கம்! தன் சிலிண்டர் மட்டும் விரைவாகக் குறைவதைக் கண்ட புதியவர், 'என்னால் மற்றவர்களின் இன்பம் கெடுவானேன்' என்று வாளாவிருந்துவிடுகிறார். கணக்கைப் பாருங்கள். 30 மீட்டரில் ஒருவருக்கு நிமிடத்திற்கு 80 லிட்டர் வேண்டும். அவருடைய காற்று தீர்ந்து துணைவரின் சிலிண்டரில் இருவரும் சுவாசித்தால் 160 லிட்டர். பதற்றத்தில் மூச்சு இரட்டித்தால் 320 லிட்டர். துணைவரிடம் 50 பார் மீதமிருந்தால், அது 550 லிட்டர்தான். இரண்டு நிமிடத்திற்குக்கூடப் போதாது! மேலேறுவதோ நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் இருப்பது நலம். 30 மீட்டரைக் கடக்கவே மூன்று நிமிடத்திற்கு மேல் ஆகும். வெட்கத்தால் மறைத்தவர் தம் உயிரோடு துணைவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

எனவே, உங்கள் பிள்ளை கடலுக்குப் புறப்படும்போது வெறுமனே "பத்திரம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தகுந்த பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அழுத்தமானியை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். 50 பார் இருப்புடன் மேற்பரப்பை அடையும்படி முன்கூட்டியே திரும்புவது நல்ல வழக்கம் என்று எடுத்துரையுங்கள். அனைத்திற்கும் மேலாக, "காற்று குறைகிறது என்று முதலில் சைகை காட்டுபவன் கோழையல்லன், தன்னையும் தோழனையும் காப்பவன் அவனே" என்று அவன் மனத்தில் பதியுமாறு கூறி வழியனுப்புங்கள்.