முதுகில் ஊசி, கழுத்தில் கேள்வி



முதுகுவலிக்குப் போடும் ஊசிக்கும் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். உண்டு. அதன் பெயர் அயோடின்.

முதுகெலும்பில் மருந்து செலுத்துமுன், ஊசிமுனை உரிய இடத்தில் நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க மருத்துவர் சிறிது சாயமருந்தைச் செலுத்துவார். அது படத்தில் தெரியக் காரணம் அயோடினே. 1921-இல் பிரான்சில் சிக்கார், ஃபொரெஸ்தியே இருவரும் அயோடின் எண்ணெய் கொண்டு தொடங்கிய முறை இது.

நமக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். இன்று பெரிதும் வழங்கும் அயோஹெக்சால் 300 என்னும் சாயமருந்தின் ஒரு மில்லிலிட்டரில் இருப்பதோ 300 மில்லிகிராம். அதாவது 2,000 நாள் தேவை! அதில் மிகப் பெரும்பகுதி மருந்தோடு பிணைந்தபடியே சிறுநீரில் வெளியேறிவிடும். பிரிந்து நிற்கும் சிறுபகுதியே சுரப்பியை எட்டும். அயோடின் மிகுந்தால் நலமான சுரப்பி சில நாள் ஓய்ந்து, பின் தானே வேலையைத் தொடங்கும். 1948-இல் வோல்ஃப், சைக்காஃப் இருவரும் எலிகளில் இந்த ஓய்வைக் கண்டு வெளியிட்டனர். ஆனால், முன்பே நோயுற்ற சுரப்பி? அது ஓய்ந்தபடியே நின்றுவிடலாம்; கழலை உள்ளதாயின் மிகையாகச் சுரக்கவும் கூடும்.

அயோடின் குறைந்தாலும் கேடுதான். 1956-இல் காங்கரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பு கழலையைக் குறைப்பதைக் காட்டியது. குறைவைத் தீர்க்க நாடே முனைந்தது. மிகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

டாலிகஞ்சில் என் அறைக்குக் கீழே குடியிருக்கும் மதுரை அம்மையாருக்குக் கழுத்தில் கழலை உண்டு. முதுகு ஊசிக்கு முன் நீட்டிய ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திட்டு வந்தார். கழலையைச் சொன்னீர்களா என்றேன். "ஊசி முதுகுக்குத்தானே தம்பி, கழுத்தைப் பத்தி எதுக்குச் சொல்லணும்?" என்றார். ஆங்கிலமும் வங்கமொழியும் அறியாதவர்மேல் குற்றம் உண்டோ? கேட்காத படிவமே குற்றவாளி.

சிறிதளவு மருந்துக்கு இத்தனை ஆரவாரமா என்பார் சிலர். உண்மைதான், சி.டி. ஸ்கேனுக்கு 100 மில்லிலிட்டர் அளவுக்குச் செல்லும். இங்கோ ஓரிரு மில்லிலிட்டரே. ஆகவே ஊசியை மறுக்கச் சொல்லவில்லை. "தைராய்டு நோய் உண்டா?" என்ற ஒரு வரி நோயாளியின் மொழியில் இருக்கட்டும் என்கிறேன். உண்டென்றால், சில வாரங்களில் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை தேவையா என மருத்துவர் முடிவு செய்வார்.

படிவம் மாறும்வரை? மருத்துவமனைக்கு உடன் சென்று மொழிபெயர்க்கும் மாணவர் பட்டியல் ஒன்றை நம் சங்கம் தயாரிக்கட்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.