பாருக்குப் போன அப்பா

“ராத்திரி ரெண்டு மணிக்கு பாருக்குப் போயிருவோம். வெயில் ஏறுற வரைக்கும் அங்கனதான் கிடப்போம்.” என் அப்பா சொன்ன இந்த இரண்டு வரிகள் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் ஏறியிருக்கின்றன. ஏறிய இடம்தான் வம்பு. குடிப்பழக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தில், சாட்சியாக!

தூத்துக்குடிக் கடலில் பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி படிவது அதன்மேல்தான். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தொலையிரம் பார் என்று வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. பேட்டி எடுத்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர் வேறு ஊர், மணிக்கணக்குக் கூலிக்குச் செய்தவர். அவருக்குத் தெரிந்தது டாஸ்மாக் பக்கத்துப் பார். ஆய்வேட்டில் அப்பா ஒரு குடிகாரராகிவிட்டார். அவர் குடிக்கவே மாட்டார் என்று சொல்ல வரவில்லை. கடலுக்குப் போகிற அன்றைக்கு, மூச்சடக்க வேண்டிய அன்றைக்கு, தொடமாட்டார்.

நான் திரேஸ்புரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். பி.ஏ. வரலாறு படித்தேன். இருபத்தைந்து வருஷமாக, கடற்கரையை ஆராய வருகிறவர்களுக்கு வீடு காட்டுவது, ஆளைப் பேசவைப்பது, படிவம் நிரப்ப உதவுவது என்று ஒரு பக்கத் தொழிலும் தானாக ஒட்டிக்கொண்டது. சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள், ஒக்கிக்குப் பிறகு வந்தவர்கள், எந்தப் புயலும் இல்லாமல் எம்.ஏ. கடைசி வருஷத்துக்காக வந்தவர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். தப்பு அவர்கள் மனசில் இல்லை, அவர்களுடைய திட்டத்தில் இருக்கிறது.

மே மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு விடுமுறை, அதனால் களப்பணி மே மாதத்தில். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் வந்து ‘கடந்த 30 நாளில் உங்கள் வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டால் விசைப்படகுத் தொழிலாளி என்ன சொல்வான்? ஒன்றுமில்லை என்பான். கடன் இருக்கிறதா? இருக்கிறது. இப்படி எழுதிய ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுத்த தெருவில் வள்ளத்தில் போகிறவனுக்குத் தடை இல்லை. அவனிடம் கேட்டால் வேறு கணக்கு வரும். இரண்டையும் கூட்டி வகுத்து ‘மீனவரின் சராசரி மாத வருமானம்’ என்று ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரன் எங்கள் கரையில் ஒருவன்கூட இல்லை. ஆகஸ்டில் வருகிறவர்கள் கதை இன்னொன்று. ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த மாதச் செலவைக் கேட்டு எழுதிவிட்டு, இந்த மக்களுக்குச் சிக்கனம் தெரியாது என்று முடித்துவிடுவார்கள்.

மாத வருமானம் என்கிற கேள்வியே எங்களுக்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம். கடலில் சம்பளம் கிடையாது, பங்குதான். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எண்ணெய்க் காசு கழித்து மிச்சம் ஆட்களுக்கு. எத்தனை ரூபாய் என்று கேட்பதற்குப் பதிலாக எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் வாய் ஓயாது.

அப்பா 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் தோணி ஏறியவர். அப்போது அவருக்கு வயது 18. அதற்குப் பிறகு சங்கு குளிக்கப் போய், காது மந்தமாகி, கரையேறினார். முத்துக்குளிப்பு என்றதும் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கதை: கயிற்றைப் பிடிப்பவன் மச்சான்தானே, தங்கச்சி தாலி அவன் கையில்தானே? அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் எந்த உறவும் இல்லாதவர். முதல் இரண்டு பேரிடம் அப்படியே சொன்னார். அவர்கள் முகம் வாடிப்போனதைப் பார்த்தார். மூன்றாவதாக வந்தவரிடமிருந்து மச்சான் கதையையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ‘அவுக அதுக்குத்தானே இம்புட்டுத் தூரம் வந்திருக்காக’ என்பது அவர் நியாயம்.

முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்க வேண்டியதே அதுதான். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1922-ல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியதிலும் அது இருக்கிறது. முதலில் பார் சோதனை. குளியாட்களை இறக்கி, ஒரு பாரின் பல இடங்களில் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை வயது, எவ்வளவு நெருக்கம் என்று கணக்கு. பிறகு மாதிரிக்கு எடுத்ததை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்து, பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரித்து, விவரம் தெரிந்த வியாபாரிகளை வைத்து விலை போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று தெரிந்த பிறகுதான் அறிவிப்பு. சிப்பி இளசாக இருந்தால் இந்த வருஷம் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். பாரின் ஒரே ஓரத்தில் அள்ளிவிட்டு முழுப் பாருக்கும் விலை சொன்னவன் நொடித்துப்போவான். சாலையோரம், சர்ச்சுக்குப் பக்கத்தில், பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கிற ஐம்பது பேரை மட்டும் கேட்டுவிட்டு ஊரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அப்படி எந்த நட்டமும் வருவதில்லை.

நன்றாகச் செய்தவர்களும் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊருக்கே அனுப்பினார். 1918-ல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் கங்கைகொண்டான். தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி வழியாக ரயிலில் திருநெல்வேலி போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகிற ஊர்தான். இருபது வருஷம் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் மறுபடி கணக்கெடுத்து, 1940-ல் இன்னொரு புத்தகம் போட்டார்கள். திரும்பிப் போனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதிர் உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கால்டுவெல் நம் மொழிக்குச் செய்தது கொஞ்சமல்ல. ஆனாலும் அவர் 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலை, அவர்களே ஒருநாள் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் படித்தார்கள். 1880-களில் மறுப்பு எழுதினார்கள், மனுப் போட்டார்கள். முப்பது வருஷம் கழித்து வந்த அந்தத் திருத்தங்கள், நூல் அச்சுக்குப் போகும் முன்பே அவருக்குக் கிடைத்திருக்க முடியும். இடையன்குடியில் அந்த மக்கள் நடுவில்தானே குடியிருந்தார்?

இப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி மற்ற எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அடுத்தவன் ஏட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க இவ்வளவு ஏற்பாடு. பேசினவன் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு படிவமும் கிடையாது. நான் கேட்பது இதைத்தான்: யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் முன்னால், அவர்கள் மொழியில், ஒரு சுருக்கத்தையாவது வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால்தான் வாய்மொழித் தேர்வு என்று பல்கலைக்கழகங்கள் விதி வைக்கட்டும். அதற்கான நாளும் பஸ் காசும் முதல் திட்டத்திலேயே இருக்கட்டும். கடைசியில் நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

இதைச் சொன்னால் ஒரு பேராசிரியர், ‘நீங்கள் சொல்கிறபடி முடிவை மாற்றச் சொல்வீர்கள்’ என்றார். மாற்ற வேண்டாம். வட்டிக்காரனைப் பற்றியோ, சங்கக் கணக்கைப் பற்றியோ எங்களுக்குக் கசக்கிற விஷயம் உண்மையென்றால் அப்படியே இருக்கட்டும். எங்கள் மறுப்பை அடிக்குறிப்பில் போடுங்கள், போதும். எல்லாவற்றையும் தெருவில் வாசிக்கவும் முடியாது. அடி வாங்கும் பெண் சொன்னதை அவளிடம் மட்டும்தான் வாசிக்க வேண்டும். அவளிடம் வாசித்தால்தான் இன்னொரு விஷயமும் தெரியும். பெயரை மறைத்துவிட்டோம் என்பார்கள். ‘இந்தத் தெரு, 62 வயது, மூன்று மகள்கள், காது கேளாத கணவர்’ என்று எழுதியிருக்கும். இதற்குப் பிறகு பெயர் எதற்கு?

அப்பாவிடம் அந்தப் பார் வரிகளைத் தமிழில் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அந்தப் பிள்ளை ஒரு தடவ வந்து வாசிச்சிருந்தா அங்கனயே சொல்லியிருப்பம்லா’ என்றார்.

இந்த வருஷம் வந்திருக்கும் பெண்ணிடம் முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டேன். போன ஞாயிறு, கடலுக்கு யாரும் போகாத நாள், சாயங்காலம் எங்கள் திண்ணையில் 44 பக்கத்தோடு உட்கார்ந்தாள். அப்பாவோடு பழைய குளியாட்கள் நாலு பேர். எல்லாருக்கும் காது மந்தம் என்பதால் அவள் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் அப்பா கையைத் தூக்கினார்.

“சங்கு பொறுக்குறவங்கன்னா எழுதியிருக்க?”

“ஆமா தாத்தா.”

“பொறுக்குறதுக்கு அது என்ன பாப்பா, சுள்ளியா? குளிக்கப் போறோம்னு எழுது.”

அவள் அடித்துவிட்டு மேலே எழுதினாள். இன்னும் 41 பக்கம் இருந்தது. நான் டீ போட எழுந்தேன்.